ஆடுவோரே விதி மாற்றும் ஆட்டம்

மட்டக்களப்பு நாட்டிலே கொம்பு விளையாட்டை அறியாதார் சிலரே. தேற்றாத்தீவுக் கொம்புச்சந்திப் பிள்ளையாரின் பெயரிலும் அது வாழ்கின்றது. வடசேரியார் கொம்பும் தென்சேரியார் கொம்பும் ஒன்றோடொன்று கொளுவப்பெறும். வடம் பூட்டி இரு கட்சியாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். இழுவை நடக்கும்போதே ஆட்பலம் மிகுந்த கட்சியார், “முறிந்த கொம்புக்கே வெற்றி என விதியை மாற்றிவிட்டோம்” என்பாராயின் என்னாகும்? மற்றவர் வடத்தைப் போட்டுவிட்டு வீடு செல்வர். வடத்தோடு துரத்துவாரும் உளர்.

எனினும், விதி மாற்றுதலையே ஆட்டமாகக் கொண்ட ஆட்டமும் ஒன்றுண்டு. அமெரிக்க மெய்யியற் பேராசிரியர் பீற்றர் சூபர் வகுத்து, 1982இல் வெளிவந்த அதன் பெயர் நோமிக். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு திருத்தத்தை முன்மொழிவர், மற்றவர் வாக்களிப்பர். முதலிரு சுற்றுக்கும் அனைவரும் உடன்பட வேண்டும். அவ்விதியை எவரும் மாற்றாவிடின் பின்னர்ப் பெரும்பான்மையே போதும். விதிகளுள் ஒரு பகுதி மாறா விதிகள்; அவற்றை மாறும் விதிகளாக்க எப்போதும் ஒருமித்த வாக்கு வேண்டும். திருத்தம் நடந்துமுடிந்ததைத் தீண்டாது என்பதும் அம்மாறா விதிகளுள் ஒன்று. சட்டம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் விந்தையை விளக்கவே பேராசிரியர் இதனை அமைத்தார்.

நம் நாட்டு யாப்பு வரலாறும் இவ்வாட்டமே அன்றோ? சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, திருத்தத்திற்கு மூன்றிலிரண்டு வாக்கை வேண்டிற்று. 1970இல் கூடிய அரசியல் நிர்ணய சபை அவ்வழியே செல்லாது, 1972இல் புதிய பலகையையே விரித்தது. பூட்டு எத்துணை வலிதாயினும், வீட்டையே மாற்றுவாரைத் தடுக்காது.

1978ஆம் ஆண்டு யாப்பை வரைந்தோர் மேலும் விழிப்பாயிருந்தனர். சனாதிபதியின் பதவிக்காலமோ பாராளுமன்றத்தின் காலமோ ஆறாண்டுக்கு மேல் நீளுமாயின், மூன்றிலிரண்டு வாக்கோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும் என 83ஆம் உறுப்புரை விதித்தது. அவ்வுறுப்புரையைத் திருத்தவும் அதே தடை. திறப்பையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினர்! ஆயினும் ஒருவர் இருமுறைக்கு மேல் சனாதிபதியாகலாகாது என்னும் விதி அப்பெட்டிக்குள் வைக்கப்படவில்லை. 2010இல் பதினெட்டாம் திருத்தம் மக்கள் தீர்ப்பின்றியே அவ்விதியை நீக்கிற்று. அப்போது பதவியிலிருந்தவரே முதற் பயனாளர்.

பூட்டு முறைப்படி திறக்கப்பட்ட கதையும் உண்டு. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1982இல் நான்காம் திருத்தத்தை நிறைவேற்றி, மக்கள் தீர்ப்பையும் பெற்று, தேர்தலின்றித் தன் காலத்தை 1989வரை நீட்டியது. விதி ஒன்றும் மீறப்படவில்லை. ஆயினும் நடுவரும் ஆட்டக்காரரும் ஒருவராயினமையை எவர் மறுப்பர்?

ஆதலின், எத்தனை வாக்கு வேண்டும் என்று எண்ணுவதிலேயே நம் அறிஞர் காலம் போக்குவது எனக்கு உடன்பாடன்று. திருத்தத்தின் பயன் எவர்க்கு, எப்போது என்பதே முதல் வினா. தமக்கு நலம் பயக்கும் திருத்தம், அதனைச் செய்தோர்க்கன்றிப் பின்வருவோர்க்கே செல்லுதல் வேண்டும். அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினரின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலின் பின்னரே செல்லும் என்பது அந்நாட்டு இருபத்தேழாம் திருத்தம். 1789இல் முன்மொழியப்பட்ட அது 1992இற்றான் நிறைவேறிற்று. தன் கையைத் தானே கட்டுதல் எளிதன்று.

அவசர காலத்தில் இத்தாமதம் கேடாகாதா என்பர். தன் அதிகாரத்தைக் குறைப்பவர்க்குத் தாமதம் வேண்டியதில்லை, உடனே செல்லட்டும். 2015ஆம் ஆண்டுப் பத்தொன்பதாம் திருத்தம் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கியபோது, ஆறாண்டுக்குத் தெரிவாகியிருந்த சனாதிபதியையும் அது கட்டுப்படுத்தும் என உயர் நீதிமன்றம் 2018இல் கருத்துரைத்தது. கூட்டுவது நாளைக்கு, குறைப்பது இன்றைக்கு.

நாடாளும் நிலை நம்மில் எல்லார்க்கும் வாயாது. கோயிற் பரிபாலன சபையும், விளையாட்டுக் கழகமும், பழைய மாணவர் சங்கமும் வாய்க்கும். அவற்றின் யாப்பைத் திருத்தும் அடுத்த பொதுக்கூட்டத்திலே, இளைய மாணவர் எவரேனும் எழுந்து, “நிருவாகிகளின் காலத்தை நீட்டும் திருத்தம் அடுத்த சபைக்கே செல்லும்” என ஒரு வரியை முன்மொழிவாராயின், அதனை வழிமொழிய யான் எழுவேன்.