எண்ணைச் சுற்றியுள்ள இரும்பு

1969-ஆம் ஆண்டு மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் செய்து வெளியிட்ட செவ்ரோலெட் கமேரோ கார்கள் 2,43,085. அவற்றுள் இஸட்-28 என்னும் பந்தய லட்சணம் பொருந்திய விசேஷ வகையைச் சேர்ந்தவை 20,302, அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒன்று. சாதாரணக் கமேரோவுக்கும் இவ்வகைக்கும் இன்றைய சந்தையில் நிலவும் விலை வித்தியாசம் பெரிது. அத்தனை பெரிய வித்தியாசத்துக்கும் பல கார்களில் பிரதான ஆதாரமாக நிற்பது, எஞ்சின் பிளாக்கின் முன்புறத்தில், பயணி அமரும் பக்கத்துச் சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சிறியதொரு சமதளத்தில் பஞ்ச் அடித்திருக்கும் சில எழுத்துகளும் இலக்கங்களுமே. அந்தச் சமதளத்தை நம் தொழிலில் 'பேட்' என்கிறோம். அதை வாசிப்பதில் நாம் அனைவரும் கெட்டிக்காரர்களாகிவிட்டோம். அதைப் பார்ப்பதில் அவ்வளவு தேர்ச்சி பெறவில்லை என்பதே இவ்விதழில் நான் சொல்ல விரும்பும் விஷயம்.

காரின் அடையாளத் தகடு இங்கே நமக்குப் பெரிதாகத் துணை செய்வதில்லை. 1968 மாடலிலிருந்து, முன்கண்ணாடியின் வழியே வெளியில் நின்றபடியே படிக்கலாகும்படி டாஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கத்தில் பதிக்கப்பட்ட அத்தகட்டின் பதின்மூன்று குறிகளில், முதலாவதான 1 செவ்ரோலெட் என்பதையும், அடுத்த 24 எட்டுச் சிலிண்டர் கமேரோ என்பதையும், 37 கூபே என்பதையும், 9 மாடல் ஆண்டையும், 'என்' என்னும் எழுத்து ஓஹையோ மாகாணத்து நார்வுட் தொழிற்சாலையையும் குறிக்க, எஞ்சிய ஆறும் வெறும் வரிசை எண்ணாகவே நின்றுவிடுகின்றன. அந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 302 கன அங்குலத்ததா, 307-ஆ, 350-ஆ, 396-ஆ என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. 1968 டிசம்பர் வாக்கில் நார்வுட் தொழிற்சாலையார், எஞ்சின் அறைக்குப் பின்புறத் தடுப்பில் அறையும் உடற்தகட்டில் எக்ஸ்-33, எக்ஸ்-77 என்ற குறியீடுகளை இஸட்-28 கார்களுக்கென்றே வழங்கத் தொடங்கியது நமக்கு வாய்த்த ஒரு பேறு. ஆனால் அதற்கு முன் பிறந்த நார்வுட் கார்களுக்கும், கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் தொழிற்சாலையில் பிறந்த கார்களுக்கும் அந்தப் பேறு இல்லை. போலி செய்வோருக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம் ஏற்பட்டதில் வியப்புமில்லை.

கிரைஸ்லர் கம்பெனியாரின் கார்களில் நிலைமை வேறு. 1970 பாரகூடாவின் அடையாள எண்ணில் ஐந்தாவது குறி 'ஆர்' என்றிருந்தால் அந்தக் கார் 426 ஹெமி எஞ்சினோடு பிறந்தது என்பதைத் தகடே சொல்லிவிடும். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் முதலான மறைவிடங்களிலும் அவ்வெண்ணின் ஒரு பகுதி உடலிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், தகட்டை மட்டும் மாற்றிவைத்துத் தப்பிப்பது எளிதன்று. ஃபோர்டு கார்களிலும் ஐந்தாவது குறி எஞ்சினுக்கே உரியது. பான்டியாக் ஜிடிஓவோ முதலிரண்டு ஆண்டுகளிலும், அதாவது 1964-லும் 1965-லும், லெமான்ஸ் வகையின் தொடக்க எண்ணையே தாங்கி வந்து, 1966-இல்தான் 242 என்று தனக்கென ஓர் எண்ணைப் பெற்றது. ஆகவே பேட் என்னும் அச்சிறு தளத்தின்மேல் மிகுந்த பாரம் ஏறியிருப்பது செவ்ரோலெட் கார்களில்தான். என் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

அந்தத் தளத்தில் இரண்டு பொறிப்புகள் உண்டு. முதலாவது எஞ்சின் தொழிற்சாலையில் அடித்தது. வி0315டிஇஸட் என்றிருந்தால், 'வி' மிச்சிகன் மாகாணத்து ஃப்ளின்ட் தொழிற்சாலை, 0315 மார்ச் 15, 'டிஇஸட்' என்பது 1969 இஸட்-28-க்கென்றே செய்த 302 கன அங்குல எஞ்சின். பெரிய பிளாக் எஞ்சின்களாயின் நியூயார்க் மாகாணத்து டோனவாண்டாவைக் குறிக்கும் 'டி' முன்னால் நிற்கும். இரண்டாவது பொறிப்பு, கார் முழுமை பெறும் தொழிற்சாலையில், பல நூறு மைல்களுக்கு அப்பால், வேறொரு தொழிலாளி, வேறொரு பஞ்ச் வரிசையைக் கொண்டு அடித்தது: 19 என்று தொடங்கி, 'என்' எழுத்தும் ஆறு இலக்கங்களுமாக, காரின் எண்ணையே சுருக்கித் தருவது. 1968 மாடலிலிருந்து எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் இவ்வாறு காரின் எண்ணைப் பொறிப்பது பொது வழக்கமாயிற்று. 1969 கமேரோக்கள் பலவற்றில் இந்த இரண்டாவது பொறிப்பு பேட்டின்மேல் இராமல், ஆயில் ஃபில்டருக்கு அருகே, இழைக்கப்படாத சொரசொரப்பான வார்ப்பின் மேலேயே கிடப்பதையும் காணலாம்; அங்கே எழுத்துகள் ஒழுங்காகவும் தெளிவாகவும் விழுந்திருந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் ஐயப்படுவது நலம்.

இரண்டு ஊர்கள், இரண்டு கைகள், இரண்டு நாட்கள். இவை சேர்ந்து உண்டாக்கிய பொறிப்புகள் ஆழத்திலும், எழுத்தின் வடிவிலும், வரியின் சாய்விலும் ஒன்றுபோல் இருப்பதற்கு நியாயமில்லை. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பஞ்சுகளால் ஒரே மாலைப்பொழுதில் அடித்தவைபோல் காணப்படுமாயின், எண்கள் எவ்வளவு பொருத்தமாயிருந்தபோதிலும் அந்தப் பொருத்தமே சந்தேகத்துக்கு ஏதுவாகும். போலிச் செப்பேட்டைக் கண்டுபிடிக்கும் சாசன ஆராய்ச்சியாளர், தானம் கொடுத்த அரசன் பெயரையும் ஆண்டையும் வாசித்ததோடு நின்றுவிடாமல், அந்த ஆண்டில் அந்த எழுத்து அவ்வடிவில் எழுதப்பட்டதா என்று கேட்பதைப்போல, ஃப்ளின்ட் தொழிற்சாலையின் அந்த வாரத்துப் பஞ்சுகள் எப்படியிருந்தன என்று கேட்க நாமும் கற்க வேண்டும்.

பொறிப்பைக் காட்டிலும் எனக்கு நம்பிக்கை தருவது பொறிப்பின் அடியிலும் இடையிலும் உள்ள இரும்பு. பிளாக்கின் மேல்தளத்தைச் சமன் செய்யத் தொழிற்சாலையில் புரோச் என்னும் பல்வரிசைக் கருவியை ஒரே போக்காக இழுத்தார்கள். பேட்டும் அதே தளத்தின் நீட்சியாகையால், எஞ்சினின் முன்னிருந்து பின்னாக, கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக, மயிரிழை போன்ற நேர்கோடுகள் அதன் மேலும் விழுந்தன. எண்களை அடித்தது அதற்குப் பின். ஆகவே தொடப்படாத பேட்டில் அக்கோடுகள் எழுத்துகளுக்கிடையே தடையின்றி ஓடி, பஞ்ச் இறங்கிய இடங்களில் மட்டும் அறுபட்டிருக்கும். பிற்காலத்தில் பட்டறையில் மில்லிங் இயந்திரத்தில் ஏற்றி மேல்தளத்தைச் சீவியிருந்தால் கோடுகள் வட்டவட்டமாய் வளையும். சாணைச் சீலையால் தேய்த்துக் கோடு போட்டிருந்தால் அவை நேராக இருப்பினும் ஆழமும் இடைவெளியும் தாறுமாறாகி, பேட்டின் ஓரத்துக்கு வருமுன்பே மழுங்கும். சாய்ந்த வெளிச்சமும் பத்து மடங்கு பெருக்கும் ஒரு லென்ஸும் இருந்தால் இவ்வளவும் தெரியும்; இதற்குப் பெரிய யந்திர சாதனங்கள் வேண்டுவதில்லை.

வார்ப்பு எண்ணையும் வார்ப்புத் தேதியையும் கொண்டே முடிவு கட்டிவிடலாம் என்று கருதும் நண்பர்கள் 3970010 என்ற வார்ப்பு எண்ணின் கதையைச் சற்றே சிந்திக்க வேண்டும். 1969 இஸட்-28 எஞ்சின்களில் அந்த எண்ணுள்ள பிளாக்குகள் உண்டு; அதே எண்ணுள்ள பிளாக்குகள் எழுபதுகளின் முடிவுவரையில் 350 கன அங்குல எஞ்சின்களாகிக் கார்களிலும் லாரிகளிலும் ஆயிரமாயிரமாய் ஓடின. வார்ப்புத் தேதியோ, மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு எண், ஆண்டுக்குக் கடைசி இலக்கம் ஒன்று மட்டும் என்னும் முறையில் அமைந்தது. 'சி 10 9' என்றால் 1969 மார்ச் 10 என்றும் கொள்ளலாம், 1979 மார்ச் 10 என்றும் கொள்ளலாம். ஒரு பழைய லாரியின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாக், பேட்டைச் சீவி வி0315டிஇஸட் என்று அடித்த மாத்திரத்தில், மார்ச் கடைசியில் உடல் கட்டப்பட்ட காருக்கு எல்லாக் கணக்கிலும் பொருந்திவிடும்: வார்ப்பு முந்தியது, எஞ்சின் கோத்தது அடுத்தது, உடல் பிந்தியது. இலக்கங்களைத் தாளில் எழுதி ஒப்பிடுகிறவர் இங்கே ஏமாறுவதைத் தவிர வழியில்லை. சீவிய தளம் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

அந்த ஒன்றையும் நம்முடைய பட்டறைகளே அழித்துவருகின்றன என்பதைச் சங்கடத்தோடு எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் அழிவு இது. ஹெட் சரியாக அமர வேண்டுமென்று பிளாக்கை மில்லிங்குக்கு அனுப்புகிறோம். ஒன்றும் சொல்லாவிட்டால் மெஷின் பிடிக்கிறவர் தளம் முழுவதையும் ஒரே ஓட்டமாகச் சீவிவிடுகிறார். ஹெட் கேஸ்கெட் பேட்டின்மேல் ஏறுவதில்லை. கத்தியைப் பேட்டுக்கு முன்பே நிறுத்தச் சொன்னால் நிறுத்தக்கூடியவர்தாம் அவர். பிறகு, துருவையும் பெயின்டையும் நீக்கக் கம்பி பிரஷைச் சுழலவிட்டு, புரோச் கோடுகளை மழுக்கிவிட்டு, எண்கள் பளிச்சென்று தெரிவதாக வாடிக்கையாளருக்குக் காட்டி மகிழ்கிறோம். கேஸ்கெட் கரைப்பானும் மிருதுவான பிரஷும் கொஞ்சம் பொறுமையும் போதுமான வேலை அது.

வேறொரு வகை அழிவு இதனினும் வருந்தத்தக்கது. இக்கார்களை வாங்கிய இளைஞர்களில் பலர் அவற்றை வார முடிவில் டிராக் பந்தயத்துக்குக் கொண்டுபோய் எஞ்சினை உடைத்தார்கள். உத்தரவாதக் காலமாயின் செவ்ரோலெட் கம்பெனியார் மாற்று பிளாக் கொடுத்தார்கள். அவற்றின்மேல் 'சிஇ' என்ற எழுத்துகளும், ஆண்டுக்கு ஓர் இலக்கமும், ஐந்து இலக்க வரிசை எண்ணும் இருக்கும். இவ்வகை பிளாக் தாங்கிய கார், தன் வரலாற்றை ஒளிக்காமல் சொல்லும் கார் என்பது என் அபிப்பிராயம். அந்த 'சிஇ' எழுத்துகளைச் சீவி எறிந்துவிட்டுப் பிறவி எண்ணை அடித்து வைப்பதைச் சிலர் 'புதுப்பித்தல்' என்கிறார்கள். பார்வைக்குத் தொழிற்சாலையில் அடித்ததுபோல் இருந்தால் போதும், போட்டியில் மதிப்பெண் குறைப்பதற்கில்லை என்று வாதிப்போரும் உண்டு. அவர்களுடைய வாதம் முற்றிலும் அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன்: பெயின்டும் தோலும் புதியவையாக இருக்கலாமென்றால் எண் மட்டும் ஏன் கூடாது என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பெயின்ட் தன்னைப் பற்றி எதுவும் சாட்சியம் கூறுவதில்லை; எண் கூறுகிறது. பின்னால் அடித்த எண், வாங்குகிறவருக்குச் சொல்லப்பட்டாலும், அவரிடமிருந்து வாங்குகிறவருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் சொல்லப்படும் என்பதற்கு யாரும் பிணை நிற்க முடியாது. இக்காரணத்தால் நான் மறுபொறிப்புக்கு விரோதி.

எஞ்சின் எண்ணில் வழக்கமும் மனச்சாட்சியும் பேசுகின்றன என்றால், அடையாளத் தகட்டில் சட்டம் பேசுகிறது. இதழ் வடிவத் தலையுள்ள ரிவெட்டுகளால் அறையப்பட்ட அத்தகட்டை அகற்றுவதும் மாற்றுவதும் 1984-இல் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தின்படி ஐந்தாண்டுவரை சிறைக்குரிய குற்றம். பழுதுபார்க்க இன்றியமையாத இடத்தில் மட்டும் விலக்குண்டு. அவ்விலக்கை நம்பிக் கவலையற்றிருக்க வேண்டாம். புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மறுபடி பதித்திருந்த 1959-ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை 2017-இல் கான்சாஸ் மாகாணத்துப் போலீஸார் கைப்பற்றி வைக்க, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2022-இல் அம்மாகாணம் தன் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. தகட்டை இருந்த இடத்திலேயே மூடிவைத்து பெயின்ட் அடிப்பது எவ்வளவு சிரமமாயினும் அச்சிரமம் மலிவானது.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பான்டியாக் கார்களுக்குத் தொழிற்சாலை விற்பனைப் பதிவுகளிலிருந்து நகல் பெறலாம். ஃபோர்டு கார்களுக்கு 1967 முதல் மார்ட்டி அறிக்கை உண்டு. கனடாவில் விற்ற செவ்ரோலெட்டுகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளையார் பதிவு வைத்திருந்தார்கள். அமெரிக்காவிலேயே விற்ற செவ்ரோலெட்டுகளுக்கு அத்தகைய பதிவில்லை. உத்தரவாதப் புத்தகத்தோடு கொடுத்த 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சிறு உலோகத் தகடு எஞ்சின் குறியீட்டையும் காரின் எண்ணையும் ஒருங்கே தாங்கியதாகையால் உயர்ந்த சான்றாகும். அதையும் இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதை மறவாதிருந்தால் போதும்.

மதிப்பீட்டு அறிக்கை எழுதுவோர்க்கு என் யோசனை ஒன்றுண்டு. நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று பிரித்தார்கள். அறிக்கையும் அப்படியே மூன்றாகப் பிரிந்து நிற்கட்டும். பேட்டில் புரோச் கோடுகள் முழுமையாக ஓடுகின்றன என்பது காண்டல். ஆகவே அது சீவப்படவில்லை என்பது கருதல். 1974 முதல் இந்தக் கார் ஒரே குடும்பத்தில் இருந்தது என்று விற்பவர் சொன்னது உரை. இம்மூன்றையும் கலந்து 'ஒரிஜினல் எஞ்சின்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கும் சான்றிதழ், பின்னால் ஒரு வழக்கறிஞர் கையில் கிடைக்கும்போது, எழுதியவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார், எதைக் கேட்டு நம்பினார் என்று பிரித்துக் காட்ட இயலாமல் அவரையே கூண்டில் நிறுத்திவிடும். அமிலம் ஊற்றி அழிந்த எண்ணை எழுப்பும் பரீட்சையை இந்த அறிக்கைகளில் தவிர்ப்பது உசிதம். எஃகில் பலன் தரும் அம்முறை வார்ப்பிரும்பில் அவ்வளவு நம்பகமாய்ப் பலிப்பதில்லை, தளத்தையோ மீளாதபடி கெடுத்துவிடுகிறது.

தொடப்படாத பேட்டுகளின் படங்களை அடுத்த இதழ்களில் தொழிற்சாலைவாரியாகவும் மாதவாரியாகவும் வெளியிட உத்தேசித்திருக்கிறோம். அனுப்புவோர், எண்களை மட்டும் நெருங்கி எடுக்காமல் பேட்டின் நான்கு ஓரங்களும் தெரியும்படியும், விளக்கை ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமும் தாழச் சாய்த்தும், அளவுகோல் ஒன்றை அருகே வைத்தும் எடுக்க வேண்டுகிறேன். பென்சில் தேய்த்தெடுத்த படியும் உடனிருந்தால் நலம். வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை நாமே அச்சில் மறைத்துவிடுவோம். வேறொருவர் அவற்றைக் கண்டு அடித்துக்கொள்ள வேண்டாம். 'சிஇ' பிளாக்குகளையும், சீவப்பட்டவை என்று நீங்களே அறிந்த பிளாக்குகளையும் அப்படியே குறித்து அனுப்புங்கள். ஒப்பிடுவதற்கு அவையும் வேண்டும்.