பெட்டி மேல் உள்ள வாட்ஸை நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்று பெரிய எண்ணைப் போட்டு விற்பார்கள். கார் சப்-ஊஃபரிலும் இதே கதைதான். "1000 வாட்ஸ்" என்பது கணநேர உச்ச அளவு. என்னைக் கேட்டால், ஆர்.எம்.எஸ். வாட்ஸ், ஓம்ஸ் ஆகிய இரண்டை மட்டும் பாருங்கள் என்பேன்.

ஆம்ப்ளிஃபயர் தரும் ஆர்.எம்.எஸ். அளவும் சப்-ஊஃபர் தாங்கும் அளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 4 ஓம்ஸ் வாய்ஸ் காயில் இரண்டு உள்ள சப்-ஊஃபரை பேரலலாக இணைத்தால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். குறைந்தபட்சம் 4 ஓம்ஸ் தேவைப்படும் ஆம்ப்ளிஃபயர் இதில் சூடேறிக் கெட்டுப்போகலாம். அதற்கு 2 ஓம்ஸ் காயில் இரண்டு உள்ளதை வாங்கி சீரியஸில் இணையுங்கள். 4 ஓம்ஸ் கிடைக்கும்.

ஆர்.எம்.எஸ். அளவைக் குறிப்பிடாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.