விலைச்சீட்டில் இல்லாத செலவு

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காக முதல் முறையாகத் துப்பாக்கி வாங்க நினைப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: விலை குறைந்த பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரியில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்த அன்றைய துணை அதிபர் ஜோ பைடனே மக்களிடம் ஷாட்கன் வாங்கச் சொன்னார். ஆபத்து வந்தால் பால்கனிக்குப் போய் வெளியே இரண்டு முறை சுடும்படி தன் மனைவிக்குச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அப்படிச் சுடுவது அவருடைய டெலவேர் மாநிலத்திலேயே குற்றமாகலாம் என்று சட்டம் அறிந்தவர்கள் பிறகு சுட்டிக்காட்டினார்கள். இந்த ஆயுதத்தைப் பற்றி எவ்வளவு அலட்சியமாக யோசனை சொல்லப்படுகிறது என்பதற்கு இது ஒன்றே போதும். பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். பாதுகாப்புதான் நோக்கம் என்றால், எந்த மாடல், என்ன விலை என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், துப்பாக்கி எப்படிப் பூட்டப்படும், அதைக் கையில் எடுப்பவருக்குப் பயிற்சி உண்டா என்ற மூன்றுக்கும் விடை இல்லாத வீட்டில், 250 டாலர் துப்பாக்கியும் விலை அதிகமானதுதான்.

முதலில் அந்தப் பரிந்துரைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி எளிமையான இயந்திரம். குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்டுமுடிந்த தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். தானியங்கித் துப்பாக்கிகளைப் போல வாயு அழுத்தத்தையோ பின்னுதைப்பையோ நம்பி இது இயங்குவதில்லை. அதனால் வீரியம் குறைந்த தோட்டாவைப் போட்டாலும் வேலை செய்யும். தயாரிப்புச் செலவும் குறைவு. ரெமிங்டன் 870 1950களின் தொடக்கத்திலிருந்தும், மாஸ்பெர்க் 500 1961 முதலும் விற்பனையில் உள்ளன. இரண்டும் தனித்தனியாக ஒரு கோடிக்கும் மேல் தயாராகியிருக்கின்றன. மாஸ்பெர்க் குழுமமே சிக்கன விலையில் விற்கும் மாவெரிக் 88 சுமார் 250 டாலருக்குக் கிடைக்கிறது. மாஸ்பெர்க் 500-இல் பெருவிரலுக்கு எட்டும்படி மேற்புறத்தில் இருக்கும் சேஃப்டி பொத்தான், மாவெரிக்கில் விசைக்குப் பக்கத்தில் குறுக்காக இருக்கும். வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான். இரண்டு மடங்கு விலை கொடுப்பவருக்கு இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. விலையைவிட, துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். 12 கேஜ் தோட்டாவின் உதை பலருக்குத் தாங்காது. அதைவிடச் சிறிய 20 கேஜ் அவர்களுக்குப் பொருத்தம். வழக்கமான 14 அங்குலத் தோள்கட்டை குட்டையானவர்களுக்கு நீளம். அவர்களுக்குக் குறைந்த நீளத்தில் கட்டை கிடைக்கிறது. ‘எதை வாங்குவது’ என்ற கேள்விக்கான பதில் இத்துடன் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

ஆனால், இந்தத் துப்பாக்கியோடு சேர்த்து விற்கப்படும் நம்பிக்கைகள் அப்படி முடிந்துவிடுவதில்லை. குறிபார்க்கத் தேவையில்லை, சுட்டால் குண்டுகள் விசிறிபோல் பரவி அறையையே நிரப்பிவிடும் என்பது அவற்றில் முதலாவது. உண்மையில், எட்டு அல்லது ஒன்பது ஈயக் குண்டுகள் கொண்ட ‘பக்‌ஷாட்’ தோட்டா, தோராயக் கணக்கில் மூன்றடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில்தான் விரிகிறது. இருபதடி நீளக் கூடத்தின் மறுமுனையில் அது ஒரு சாண் அகலத்தைத் தாண்டுவதே அரிது. குறி தப்பினால் எல்லாக் குண்டுகளும் சேர்ந்தே தப்பும். தப்பியவை சுவரோடு நின்றுவிடும் என்பது இரண்டாவது நம்பிக்கை. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகள். பக்‌ஷாட் அப்படிப்பட்ட பல அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறையில் தூங்கும் பிள்ளையை எட்டக்கூடியது. துப்பாக்கியை ஏற்றும் ‘சடக்’ சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்பது மூன்றாவது. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். நாம் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும். எளிய இயந்திரம் என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. பதற்றத்தில் கைப்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுக்காமல் விட்டால், அடுத்த தோட்டா ஏறாது. முழுதாக இழுக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டுமானால் பயிற்சித் திடலில் நேரமும் தோட்டாச் செலவும் ஆகும். அந்தச் செலவு விலைச்சீட்டில் இருப்பதில்லை.

அடுத்து, யாரிடமிருந்து பாதுகாப்பு என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் முகம் தெரியாத ஆசாமிதான் எல்லோர் மனதிலும் இருக்கிறான். அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு, 2003 முதல் 2007 வரையிலான வீடு புகுந்த குற்றங்களை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் சராசரியாக வருடத்துக்கு 37 லட்சம் சம்பவங்கள். அவற்றில் சுமார் 28 சதவீதத்தில்தான் வீட்டில் ஆள் இருந்தார்கள். ஆள் இருக்கும்போதே நடந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில்தான் வன்முறை நேர்ந்தது. அப்படி வன்முறையில் முடிந்தவற்றிலும் 65 சதவீதத்தில் குற்றவாளி, பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். முன்னாள் துணைவர், உறவினர், அறிமுகமானவர் என்ற வகை. முன்பின் தெரியாதவர்கள் 28 சதவீதம் மட்டுமே. வீடு புகுந்து திருடும் குற்றமே வெகுவாகக் குறைந்துவிட்டது: 1980-இல் லட்சம் பேருக்கு 1,600-ஐத் தாண்டியிருந்த விகிதம் 2022-இல் 300-க்கும் கீழே இறங்கியது. ஆபத்தே இல்லை என்பதல்ல. எதை மனதில் வைத்துத் துப்பாக்கி வாங்கப்படுகிறதோ, அந்தக் காட்சி உண்மையில் நடக்கும் ஆபத்துகளில் ஒரு சிறு பகுதி என்பதே இதன் பொருள்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து அப்படிச் சிறியதல்ல. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் சற்று நேரத்தில் கடந்துபோகும் ஓர் அலை. மற்ற வழிகளில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பான்மையோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியோ பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்களின் தற்கொலை விகிதம் மற்ற ஆண்களுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேலும், பெண்களிடையே சுமார் ஏழு மடங்கும் இருந்தது. அதே ஆய்வாளர்கள் 2022-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம், கைத்துப்பாக்கி இல்லாத வீடுகளில் வாழ்பவர்களுடையதைவிட இரு மடங்குக்கும் அதிகம். வீட்டிலேயே துணைவரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இவை கைத்துப்பாக்கி ஆய்வுகள், ஷாட்கனுக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்விதான், நீளத் துப்பாக்கியை மறைத்துவைப்பதும் தூக்கித் திரிவதும் சிரமம் என்பதால் அபாயத்தின் அளவு மாறக்கூடும். ஆனால், 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகளும் பதின்வயதினரும் வீட்டுத் துப்பாக்கியால் தங்களைச் சுட்டுக்கொண்ட சம்பவங்களையும் தற்செயலாகக் குண்டு பாய்ந்த சம்பவங்களையும் ஆராய்ந்தது. துப்பாக்கியைப் பூட்டிவைப்பது, தோட்டா ஏற்றாமல் வைப்பது, தோட்டாவைத் தனியே வைப்பது, அதையும் பூட்டிவைப்பது ஆகிய நான்கு பழக்கங்களில் ஒவ்வொன்றும் ஆபத்தைக் குறைத்தது. கைத்துப்பாக்கிக்கும் நீளத் துப்பாக்கிக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆக, பூட்டு முக்கியம் என்பது ஷாட்கனுக்கும் நிரூபணமான உண்மை. ஆனால் சட்டம் இந்த ஆயுதத்தை இளக்காரமாகவே பார்க்கிறது. 2005-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டும் கொடுத்தாக வேண்டும். ஷாட்கனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூட்டாட்சிச் சட்டப்படி, கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதாக வேண்டும். ஷாட்கனுக்கு 18 போதும்.

வெளியே நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. 2013 நவம்பரில், மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஹைட்ஸ் நகரில், காரை மோதிவிட்டு அதிகாலை இருட்டில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய 19 வயதுப் பெண்ணை, வீட்டுக்காரர் 12 கேஜ் ஷாட்கனால் சுட்டுக் கொன்றார். இருவருக்கும் நடுவே பூட்டியிருந்த வலைக்கதவு இருந்தது. பயந்துபோய்ச் சுட்டதாக அவர் வாதிட்டதை ஜூரிகள் ஏற்கவில்லை. 2014-இல் இரண்டாம் நிலைக் கொலைக்குற்றம் உறுதியாகி, குறைந்தது 17 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய அச்சம் உண்மையானதாகவே இருந்திருக்கலாம். எதிரே நிற்பது யார், உண்மையில் ஆபத்தா என்று தெரிவதற்கு முன்பே ஆயுதம் கைக்கு வந்துவிட்டதுதான் வினை. எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் அந்தத் தவறிலிருந்து காப்பாற்றியிருக்காது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு, பூட்டிய துப்பாக்கி அவசரத்துக்கு உதவாது என்பது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமே, வீட்டுத் துப்பாக்கியைப் பிரித்தோ விசையைப் பூட்டியோதான் வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகர விதியைத் தற்காப்புரிமைக்கு எதிரானது என்று ரத்துசெய்தது. அதை மதித்தே பேசலாம். எண் பொத்தானிலோ விரல்ரேகையிலோ சில விநாடிகளில் திறக்கும் பெட்டிகள் இன்று நீளத் துப்பாக்கிக்கும் கிடைக்கின்றன. பெரும்பாலான பம்ப் ஷாட்கன்களில் சேஃப்டி பொத்தான் விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழுந்தால் வெடிக்காது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அதனால் குழலில் தோட்டா ஏற்றாமல் வைப்பதையே பயிற்சியாளர்கள் வலியுறுத்துகிறார்கள். பெட்டியைத் திறந்து கைப்பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ள ஆகும் நேரம் தற்காப்பைப் பறித்துவிடாது. ஒரு சிறுவனின் கையையும் மனமுடைந்தவரின் கையையும் அந்தப் பெட்டி தடுக்கும்.

இன்னொரு மறுப்பு, துப்பாக்கியால் தப்பியவர்களை இந்தக் கணக்குகள் விட்டுவிடுகின்றன என்பது. குற்றவியலாளர்கள் கேரி கிளெக்கும் மார்க் கெர்ட்ஸும் 1995-இல் வெளியிட்ட தொலைபேசிக் கணக்கெடுப்பு, ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தற்காத்துக்கொள்வதாக மதிப்பிட்டது. சுமார் 5,000 பேரிடம் கேட்டு, அரிதாக நடக்கும் ஒன்றை நாடு முழுவதற்கும் பெருக்கும்போது, சிலர் தவறாகச் சொன்னாலும் எண் ஊதிவிடும். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2011 வரையிலான 14,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களை ஆய்வாளர்கள் டேவிட் ஹெமன்வேயும் சாரா சோல்னிக்கும் ஆராய்ந்தபோது, துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டது 0.9 சதவீதத்தில் மட்டுமே. எதிர்வினைக்குப் பிறகு காயப்பட்டவர்களின் விகிதமும், துப்பாக்கி எடுத்தவர்களிடையேயும் வேறு வழியில் தற்காத்துக்கொண்டவர்களிடையேயும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. இதைக் கொண்டு, போலீஸ் வர அரைமணி நேரமாகும் பண்ணை வீட்டுக்காரரையோ, கொலை மிரட்டல் விடுத்த முன்னாள் கணவனுக்கு அஞ்சும் பெண்ணையோ துப்பாக்கி வேண்டாம் என்று அதட்ட முடியாது. அவர்களுடைய தேவை உண்மை. அவர்களுக்குத்தான் பூட்டும் பயிற்சியும் மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தேவை.

அமெரிக்கத் தமிழர்களுக்கும் இது அந்நியப் பேச்சு அல்ல. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகு சட்டத் தடை விலகுகிறது. அப்போது எழும் கேள்வியும் இதே வரிசையில்தான் கேட்கப்பட வேண்டும்.

வீட்டில் மன அழுத்தத்தில் தவிப்பவரோ, குடித்துவிட்டு அடிப்பவரோ, பூட்டைத் திறக்கக் கற்றுவிடக்கூடிய பதின்வயதினரோ இருந்தால், வாங்காமல் இருப்பதே சரியான தேர்வு. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், வெளிச்சம், எச்சரிக்கை மணி ஆகியவற்றில் அந்தப் பணத்தைப் போடலாம். அப்படி யாரும் இல்லாமல், உண்மையான தேவையும் இருந்தால், மலிவான பம்ப் ஷாட்கன் போதும். துப்பாக்கியில் மிச்சமாகும் பணம் பெட்டிக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும். அரசுக்கும் வேலை இருக்கிறது. சிறார் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் இளையோரிடையே துப்பாக்கியால் நேரும் தற்கொலையையும் தற்செயல் காயங்களையும் குறைப்பதற்கு, ராண்ட் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு தன் அளவுகோலில் மிக வலுவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. மிச்சிகனில் 2024 பிப்ரவரி முதல் அப்படியொரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கைத்துப்பாக்கியோடு பூட்டுக் கொடுக்கச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டத்தை ஷாட்கனுக்கும் விரிப்பது யாருடைய உரிமையையும் பறிக்காது. 250 டாலர் விலையில் சில டாலர்கள் கூடும், அவ்வளவே. அந்தத் திருத்தத்தைத் துப்பாக்கி உரிமைக்காரர்களே முன்னின்று கேட்டால், பாதுகாப்புக்காகத்தான் வாங்குகிறோம் என்ற அவர்களின் வாதத்துக்கும் வலு சேரும்.