வீதக் கணக்கும் வனக் கணக்கும்

இலங்கையின் வனப்பரப்பை 2030 ஆம் ஆண்டளவில் நிலப்பரப்பின் 32 வீதமாக உயர்த்துவதென்பது அரசு உலகுக்கு அளித்துள்ள வாக்குறுதி. அறிக்கைகளிலும் மேடைகளிலும் இவ்வெண் பெருமிதத்தோடு எடுத்தாளப்படுகின்றது. ஆயின், எந்த வனம் 32 வீதமாதல் வேண்டும் என வினவுவோர் அரியர். பச்சையாய்த் தோன்றுவதனைத்தையும் ஒரே எண்ணுள் அடக்கும் கணக்கு, வனத்தைக் காக்கும் கருவியன்று. வனம் மறைந்தமையை மூடும் போர்வையேயாகும்.

இலங்கையில் வனம் என்ற ஒன்று இல்லை, வனங்களே உள. 65,610 சதுர கிலோமீற்றர் கொண்ட இச்சிறு தீவில், தென்மேற்கின் சிங்கராஜ வனத்தில் வானளாவிய மரங்கள் செறிந்த தாழ்நில மழைக்காடு நிற்கின்றது. பிதுருதலாகலைச் சாரலிலும் ஹோட்டன் சமவெளியிலும் பாசி போர்த்த குறுமரங்கள் முகிலோடு உறவாடுகின்றன. வன்னியிலும் கிழக்கிலும் பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் வளரும் உலர் பருவக்காற்றுக் காடு பரந்துள்ளது. மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் முட்பற்றை. மட்டக்களப்பு, புத்தளம் களப்புகளின் ஓரங்களிற் கண்டற்காடு. மலைநாட்டிற் பத்தனாப் புற்றரை. ஏறத்தாழ 3,000 பூக்குந் தாவர இனங்கள் இங்கு இயற்கையாய் வளர்வன. அவற்றுள் நான்கிலொரு பங்களவு இத்தீவுக்கே உரியன. ஸ்டெமனோபோரஸ் என்னும் பேரினம் முழுவதும் உலகில் வேறெங்கும் இல்லை. இத்துணை வேறுபாட்டையும் ஓர் எண்ணால் உரைக்க முற்படுவது, நூலகமொன்றின் பெருமையை நூல்களின் நிறையால் அளப்பதையொக்கும்.

இம்மயக்கத்தின் வேர் பழையது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம் காட்டையும் தரிசையும் ஒருங்கே எண்ணி, மறுதலை நிரூபிக்கப்படும்வரை அவை முடிக்குரியனவே என்றது. காடு என்பது பயன்படாதுகிடக்கும் நிலம் என்ற கருத்து சட்டத்தின் ஆடையணிந்து வந்த வரலாறு அது. மலைநாட்டு வனங்கள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இரையாயின. ஆட்சி மாறிய பின்னரும் அக்கருத்து மாறவில்லை. 1977 இன் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்திற்காக உலர்வலயக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. நீரும் நெல்லும் வேண்டியனவே என்பதை மறுப்பாரிலர். ஆயின், வெட்டப்பட்டது ‘வெறுங்காடு’ என்று கூறி இழப்பைக் கணக்கிலேயே கொள்ளாது விட்டமைதான் கண்டனத்துக்குரியது. மாதக்கணக்கில் மழையறியா மண்ணில் பாலைமரம் பழுத்துக் கரடிக்கும் பறவைக்கும் மனிதனுக்கும் உணவளிக்கின்றது. மழைக்காட்டின் மரமெதுவும் அவ்விடத்தை நிரப்பாது.

இன்றைய அளவுகோல்களும் இக்குறையினின்று நீங்கியனவல்ல. உலக உணவு விவசாய நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி, அரை ஹெக்டேயரிற் கூடிய பரப்பில், ஐந்து மீற்றருக்கு மேல் உயரும் மரங்கள் 10 வீதத்துக்கு மேல் நிழல் பரப்பின் அது வனம். நட்டு வளர்த்த றப்பர்த் தோட்டமும் அவ்வகையில் வனமாகும். ஐந்து மீற்றருக்கு உயராத இயற்கை முட்பற்றையோ வனமாகாது. கணக்கின் பேரால் இயற்கை தள்ளப்பட்டுத் தோட்டம் கொள்ளப்படும் விந்தை இது.

பேராதனை வளாகத்தின் பின்னணியாய் நிற்கும் ஹந்தானை மலையே இதற்குச் சான்று. அங்குள்ள பைன் மரச்செறிவைக் காண்போர் வனமென்றே மகிழ்வர். உட்சென்று நோக்கின், உதிர்ந்த ஊசியிலைகளின் தடித்த படுக்கையும் அதனிடையே அருகித் தோன்றும் சில செடிகளுமே காணக்கிடைக்கும். கோடையில் அப்படுக்கை தீக்கு விருந்தாகின்றது. மண்ணரிப்பால் நலிந்த சரிவில் வேறு எது விரைந்து வளரும் என்று பைனை நட்டோர் வினவலாம். அவ்வினாவில் நியாயமுண்டு. ஆனால் நோயாளிக்கு இட்ட கட்டை அவனது உறுப்பென்று எவரும் எண்ணுவதில்லை.

அக்கட்டை அவிழ்க்கும் வழியும் அறியப்பட்டதே. சிங்கராஜ வன எல்லையிலுள்ள பைன் தோட்டங்களில், பேராதனைத் தாவரவியற் பேராசிரியர்களான நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் பிற ஆய்வாளரும் 1990களிலிருந்து நிகழ்த்திய பரிசோதனைகள், பைன் வரிசைகளை இடையிடையே நீக்கி ஒளி புகவிட்டால் அந்நிழலில் மழைக்காட்டு மரக்கன்றுகள் தழைக்கும் எனக் காட்டின. செவிலியாய்ப் பைன் பயன்படட்டும். தாயென்று அதற்குப் பட்டஞ்சூட்ட வேண்டா.

நிலத்தை அதன் தாவரத்தால் அறிதல் தமிழுக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைப் பெயர்களும் தாவரப் பெயர்களே. பாலையூற்று, இலுப்பைக்கடவை, மருதங்கேணி என ஊர்களுக்குப் பெயரிட்டோர் மரத்துக்கு மரம் வேறுபாடு அறிந்திருந்தனர். அவர்தம் வழிவந்தோர் அனைத்தையும் ‘பச்சை’ என ஒரு சொல்லில் அடக்குதல் அறிவின் வளர்ச்சியாகாது.

எனவே, வனக்கணக்கு வகைவாரியாக வெளியிடப்படல் வேண்டும்: மழைக்காடு இத்துணை, உலர்காடு இத்துணை, கண்டல் இத்துணை, முட்பற்றை இத்துணை, புற்றரை இத்துணை, நட்ட தோட்டம் தனியே. ஒரு வகையின் அழிவை மற்றொன்றின் பெருக்கத்தால் ஈடுசெய்ததாகக் காட்டல் தடுக்கப்படல் வேண்டும். இவையின்றி 32 வீதம் எட்டப்படின், கருங்காலி அருகிப் பைன் பெருகிய தீவொன்று தன் வெற்றியைக் கொண்டாடும் நாளும் வரும். அன்று கணக்கு நேராயிருக்கும், வனம் இராது.