நைட் ஃபிளைட்டில் காக்பிட் விளக்கு: சிவப்பா, வெள்ளையா?

ராத்திரி ஃபிளைட்டில் டேக்-ஆஃபுக்கு முன்னால் கேபின் விளக்குகளைக் குறைப்பார்கள். தூங்கச் சொல்றாங்க போல என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திடீரென்று இறங்கி ஓட வேண்டி வந்தால் நம் கண் அதற்குள் இருட்டுக்குப் பழகியிருக்கணும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. பயணிக்கே இப்படி என்றால் ஓட்டுகிறவருக்கு? அங்கே எந்த விளக்கு, எவ்வளவு வெளிச்சம் என்பதில் விமானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் நன்றாகப் பழக சுமார் 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க சில விநாடி பளிச் வெளிச்சம் போதும். இருட்டில் நமக்கு உதவுபவை விழித்திரையில் இருக்கும் குச்சி செல்கள். அடர் சிவப்பு வெளிச்சம் இவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் காக்பிட்டுக்குள் சிவப்பு விளக்கு வந்தது இப்படித்தான். சினிமா இன்னும் அதை விடவில்லை.

நிஜத்தில் சிவப்புக்கு ஒரு தொல்லை உண்டு. அந்த வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் காணாமல் போய்விடும். கிட்டத்தில் இருப்பதைப் படிக்கவும் கண் திணறும், அதுவும் நாற்பதைத் தாண்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அமெரிக்காவின் எஃப்ஏஏ, வெளியே மிகக் கூர்மையாகப் பார்க்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் சிவப்பு போதும் என்கிறது. பயணிகள் விமானங்களில் இப்போது பெரும்பாலும் மங்கலான வெள்ளைதான். நைட் விஷன் கண்ணாடி போடும் ராணுவ விமானிகளுக்கோ சிவப்பு ஆகவே ஆகாது, அந்தக் கருவியையே அது கூச வைத்துவிடும். அவர்களுக்குப் பச்சை கலந்த வெளிச்சம்.

இடி மின்னல் வந்தால் கதை தலைகீழ். அப்போது காக்பிட் விளக்குகளை முழுசாகப் போட்டுவிடுவார்கள். கண் இருட்டுக்குப் பழகியிருந்தால், ஒரு மின்னல் அடித்ததும் முன்னால் இருக்கும் மீட்டர்கூடத் தெரியாதே! சில போயிங் விமானங்களில் இதற்கென்றே 'ஸ்டார்ம்' என்று எழுதிய சுவிட்ச் இருக்கிறது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விளக்கு என்று எதுவும் இல்லை என்பதுதான் என் கட்சி. 55 வயது கேப்டனுக்குப் படிக்கத் தேவையான வெளிச்சம், பக்கத்தில் இருக்கும் 26 வயதுக்காரருக்குக் கூசலாம். அவரவர் பக்கத்துக்கு அவரவர் திருகிக்கொள்ளத் தனித்தனி குமிழ்கள் இருப்பது நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கணும்: டேப்லெட். பேப்பர் வரைபடங்களின் இடத்துக்கு இப்போது அதுதான் வந்திருக்கிறது. நடுராத்திரியில் டைம் பார்க்க போனை எடுத்ததும் கண் எப்படிக் கூசும்? பேனலை எவ்வளவு குறைத்து வைத்தாலும், வெள்ளைப் பின்னணியில் ஒரு பக்கம் திறந்தால் அரை மணி நேரப் பழக்கம் போச்சு. அங்கே டார்க் மோடை 'இருந்தால் நல்லது' என்ற கணக்கில் வைக்கக் கூடாது. எந்த ஆப்பையும் ஆபீஸ் டியூப்லைட்டில் பார்த்து ஓகே செய்யாமல், நிஜமான இருட்டில், வெவ்வேறு வயது விமானிகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகே காக்பிட்டுக்குள் விடணும்.

வெளிச்சம் போட்டே ஆகணும் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறது எஃப்ஏஏ. மூடிய கண்ணில் இருட்டுப் பழக்கம் அப்படியே இருக்கும். இன்னிக்கு ராத்திரி பாத்ரூம் லைட் போடும்போது செய்து பாருங்களேன். அணைத்த பிறகு எந்தக் கண்ணுக்குக் கதவு தெரிகிறது என்று புரிந்துவிடும்.