படநூலும் முகப்பூச்சும்

இவ்வாண்டு மலருக்குத் தலைமையாசிரியர் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டனர். கல்வி, ஒழுக்கம், தேர்வு என்னும் வழக்கமான பொருள்களை விடுத்து, பெற்றோர் பலர் எம்மைத் தனியே கண்டு கேட்கும் இரு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பள்ளிப் பருவத்தை எட்டாத பிள்ளைக்கு எத்தகைய படநூலை வாங்கித் தரலாம் என்பது ஒன்று. பிள்ளையின் மேனிக்கு எதைப் பூசலாம் என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து அன்று, பிள்ளை வளர்த்த பெற்றோர் என்னும் முறையில் எம் மனத்தில் உள்ளதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். சிலருக்குக் கசக்கலாம்.

படநூலின் பெருமையை முதலில் கூறிவிடுவோம். சிறுவர்க்கென்றே படங்களோடு அமைந்த பாடநூல் ஒன்றை, இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். கண்ணால் கண்ட பொருளோடு சேர்ந்த சொல்லே மனத்தில் நிற்கும் என்பது அவர் கொள்கை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதனைத் தேர்வுக்காகப் படித்தோம். இதன் உண்மையை யாம் கண்டதோ எழுத்தறியாத ஒரு பாட்டியாரிடம். மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்காட்டுக்குச் சென்றுவிட, பேரனை மடியில் இருத்திக்கொண்டு ஒரு கிழிந்த படநூலை அவர் நாள்தோறும் படித்து வந்தார். அது மலாய் நூல். யானைப் படம் வந்தால் அவருடைய தகப்பனார் சொன்ன யானைக் கதை வரும். ஆற்றுப் படம் வந்தால் 1971-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வரும். அப்பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, சொல்வளத்தில் அவனுக்கு ஈடாக வகுப்பில் வேறொருவர் இல்லை. ஆகவே, "எங்களுக்குப் படிக்கத் தெரியாதே, ஐயா" என்று தயங்கும் பெற்றோர்க்கு யாம் சொல்வது ஒன்றுதான். படம் உள்ள நூலுக்கு வாய் இருந்தால் போதும்.

ஆனால் எந்தப் படம்?

இரவுச் சந்தையில் விற்கும் மலிவு விலை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். 'அ' என்றால் அம்மா. அந்த அம்மாவின் கன்னம் ரோசாப்பூ நிறம். தம்பி, தங்கை, உழவர், ஏன், ஔவைப் பாட்டி வரையில் வெளுத்திருப்பர். அரக்கனும் திருடனும் மட்டும் நம்மைப் போல் இருப்பர். ஆங்கிலம் கற்க வந்த நூல்களிலும் இதே நிலைதான். 1964-இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய பீட்டர், ஜேன் நூல்வரிசையைக் கொண்டே எம் தலைமுறையினர் பலர் ஆங்கிலம் கற்றோம். அந்நன்றியை யாம் மறக்கவில்லை. ஆயினும் அந்த வீட்டில் எவர்க்கும் வியர்த்ததில்லை, எவர் காலிலும் சேறு ஒட்டியதில்லை என்பதைச் சிறு வயதிலேயே கண்டுகொண்டோம். நூலில் வருபவர் ஓர் இனம், நூலைப் படிப்பவர் வேறோர் இனம் என்னும் எண்ணம் அப்போதே பதிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இரு கன்னங்களும் சிவந்து, தோல் உரிந்த நிலையில் வகுப்புக்கு வந்தாள். வெயில் என்றாள் முதலில். பிறகு, அம்மாவின் களிம்பை ஒரு மாதமாகத் தானும் பூசி வருவதாகச் சொன்னாள். ஏன் என்று ஆசிரியை கேட்டார். ஆண்டு விழா நாடகத்தில் இளவரசி வேடம் வேண்டுமாம். இளவரசி கறுப்பாக இருக்கக்கூடாதென்று யார் சொன்னது என்றதற்கு, நூலகத்தில் இரவல் வாங்கிய 'ஸ்னோ வைட்' படநூலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதே பையில் அந்தக் களிம்புப் புட்டியும் இருந்தது. நம் பாட்டிமார் முகப்பூச்சுக்கே 'ஸ்னோ' என்றுதான் பெயர் வைத்திருந்தனர்; பனியே பெய்யாத நாட்டில் பனியைப் பூசிக்கொண்டோம். அன்று முதல் இவ்விரண்டையும் வேறு வேறாக எம்மால் எண்ண இயலவில்லை.

வரைதல் பாடத்தின்போது பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் "தோல் கலர் கொடு" என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். கேட்பது இளஞ்சிவப்பு கலந்த மங்கல் நிற மெழுகுக்கோல். கேட்கும் கையோ நல்ல மாநிறம். அமெரிக்காவில் ஒரு பெரிய மெழுகுக்கோல் நிறுவனம் அந்நிறத்துக்கு 'சதை' என்று இட்டிருந்த பெயரை 1962-ஆம் ஆண்டிலேயே மாற்றி, 'பீச்' என்னும் பழத்தின் பெயரை வைத்துவிட்டது. நம் வகுப்பறைகளில் பழைய பெயரே இன்னும் வழங்குகிறது. அந்நாட்டிலேயே 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் தம்பதியர் கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று வினவினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத் தொட்டனர். பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது தவறென்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வாராய்ச்சியும் சுட்டப்பட்டது. அப்பிள்ளைகளுள் மூன்று வயதினரும் இருந்தனர் என்பதைப் பெற்றோர் கருத வேண்டும். தன் நிறத்தைப் பற்றிப் பிள்ளை முடிவு கட்டுவது பருவம் எய்திய பிறகு அன்று. ஆயாக் கொட்டகையில் இருக்கும் காலத்திலேயே.

தமிழருக்கு இந்த வெட்கம் தொன்றுதொட்டு வந்ததும் அன்று. முல்லை நிலத்துத் தெய்வத்தை மாயோன் என்று கறுப்பாலேயே அழைத்தனர் நம் முன்னோர். சங்கப் பாடல்கள் பெண்ணின் மேனியைப் புகழும்போது மாந்தளிரின் நிறமாகிய மாமையைச் சொல்கின்றன. மேனி வெளிறிப் போவதற்குப் பசலை என்று பெயர். தலைவனைப் பிரிந்த துயரால் வரும் நோயாகவே அதனைக் கருதினர்; திருக்குறளில் அதற்கென 119-ஆம் அதிகாரமே உள்ளது. அன்று நோய் என்று அஞ்சியதை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

காசோடு போனால் கவலையில்லை. வெளுக்க வைக்கும் களிம்புகள் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டுள்ளது. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிர்களை அது தடுத்து உடலைக் காக்கிறது. பாதரசம் அந்நிறமி உண்டாவதைத் தடுப்பதால் முகம் சில வாரங்களில் வெளிறுகிறது. உள்ளே சென்ற பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. பூசுபவரோடு அது நிற்பதுமில்லை. தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் கைக்குழந்தைக்கும், அதே துண்டையும் தலையணையையும் பயன்படுத்தும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்கிறது.

தோலின் வழியே நஞ்சு புகுமா என்று தோட்டத்து மக்களுக்கு யாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதுகில் தெளிப்பானைச் சுமந்து களைக்கொல்லி அடித்த தாய்மார்களின் விரல் நகங்களையும், ஒழுகிய மருந்தால் புண்ணான முதுகுகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாராகுவாட் என்னும் அந்நஞ்சு மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்காக எத்தனையோ ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. வேலைக்காட்டில் வேண்டா என்று போராடி விலக்கிய நஞ்சுக்கு ஒப்பானதை, வீட்டில் கண்ணாடி முன் நின்று நாமே பூசிக்கொள்வது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆலைக் கழிவின் பாதரசத்தால் மக்கள் நலிந்த சப்பானிய ஊரின் பெயரால் 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, இத்தகைய பூச்சுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்தச் சொல்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசம், ஹைட்ரோகுவினோன் போன்றவை கலந்த பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு விற்பனைக்குத் தடை விதித்து வருகிறது. ஒரு பெயரைத் தடுத்தால் வேறு பெயரில் வருகிறது. கைப்பேசி வழியே வீட்டுக்கே வருகிறது. ஆகவே வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும். உட்பொருள்களின் பட்டியலே இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். ஏழு நாளில் நிறம் மாறும் என்றால் நம்பாதீர்கள். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக என்று எச்சரிக்கை எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அறிகுறி. தாலிக்கொடிக்கு ஆகாதது பிள்ளையின் கன்னத்துக்கு ஆகுமா?

இங்கே தாய்மாரை மட்டும் குறை கூறுவது எம் நோக்கமன்று. "பெண் கறுப்பாக இருந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள், ஐயா?" என்று ஒரு தாயார் எம்மிடம் கேட்டார். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் சிவந்த மேனி கேட்பவர் யார்? மகனைப் பெற்ற நாம்தாம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவுடன் "என்ன நிறம்?" என்று கேட்பவரும் நாம்தாம். இக்கேள்வியைத் தோட்டத்து ஆண்கள் நிறுத்தினால், களிம்பு வியாபாரிக்குப் பாதி வருமானம் குறையும் என்பது எம் கணிப்பு.

அப்படியாயின் எதைத்தான் பூசுவது? அதிகம் ஒன்றுமில்லை. நாளும் குளியல், மென்மையான சவர்க்காரம், வறண்ட தோலுக்குச் சிறிது தேங்காய் எண்ணெய், நல்ல வெயிலில் தொப்பி. பிள்ளைக்கு இவை போதும். காலையில் முகத்தில் அப்பி அனுப்பும் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கோலமாவில் விழுந்தெழுந்தாற்போல் வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கண்டு ஆசிரியர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கின்றனர். ஆனால் அப்பொடி மூச்சில் போவது கைக்குழந்தைக்கு நல்லதன்று. மேலும், நிறம் நோயன்று, சிரங்கு நோய். இரவில் அரிப்பும் விரலிடுக்கில் கொப்புளமும் கண்டால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அதனை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தாவுவதால், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். சிரங்கை மறைத்துவிட்டு நிறத்துக்கு வைத்தியம் பார்க்கும் வீடுகளை யாம் அறிவோம்.

படநூலுக்கு வருவோம். வெள்ளைக்காரப் பிள்ளை இருக்கும் நூலையெல்லாம் எரித்துவிட வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. அவை மட்டுமே இருத்தலாகாது என்கிறோம். 1962-இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்னும் அமெரிக்க ஓவியர், பனியில் விளையாடும் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கொண்டு ஒரு படநூல் செய்தார். அவன் நிறத்தைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. பனியில் கால் பதித்து நடக்கிறான், அவ்வளவே. மறு ஆண்டே அது அந்நாட்டின் சிறந்த படநூலுக்கான கால்டெகாட் பரிசைப் பெற்றது. தமிழிலும் வழி பிறந்துள்ளது. 1996-இல் தொடங்கிய சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் படநூல்களில் நம்மைப் போன்ற முகங்கள் உள்ளன. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாகவே தருகிறது. அச்சிட்டும் கொள்ளலாம். பால்மரமும் செம்பனையும் லயத்து வீடும் வரும் தமிழ்ப் படநூல்தான் இன்னும் அரிதாக இருக்கிறது. நம் நாட்டு எழுத்தாளர்கள் இதனை ஒரு வேண்டுகோளாகக் கொள்ளவேண்டும்.

அதுவரை காத்திருக்க மனமில்லாமல், எம் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தம் பாட்டிமார் சொன்ன கதைகளை எழுதிப் படம் வரைந்து, ஆசிரியர் துணையோடு தைத்து நூலாக்கி வருகின்றனர். பழுப்பு நிற மெழுகுக்கோல்கள்தாம் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் தனியே வாங்கித் தர இசைந்துள்ளனர். இந்நூல்களும், அச்சிட்டு எடுத்த தமிழ்ப் படக்கதைகளும் பள்ளி நூலகத்தில் தனி அலமாரியில் உள்ளன. பள்ளிக்கு வராத தம்பி தங்கையருக்காக வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு நூல் எடுத்துச் செல்லலாம். திங்கட்கிழமை திருப்பித் தந்தால் போதும். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அபராதம் இல்லை.