ஏரிகளும் வீட்டுக் கழிவுநீரும்

பெங்களூரிலுள்ள பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றிக்கொண்டது. நீர் எரியுமோ என்று வியந்தோர் பலர். எரிந்தது நீர் அன்று. நுரையும் கழிவும் காய்ந்த புல்லுமேயாம்.

சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் பெருமளவில் தூய்மை செய்யப்படாமலே அவ்வேரியை அடைந்தது. சலவைத்தூளின் நுரைப்பொருள் கலங்கலில் விழுந்து நுரையாயிற்று. கழிவுநீரிலுள்ள பாஸ்பரஸோ பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. இவை மடிந்து அழுகுங்கால் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடுகின்றன; மீன்கள் மூச்சின்றி மிதக்கின்றன. பிராணவாயு அற்ற நிலையில் அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸும் மீண்டும் கரைந்து மேலே வருகிறது. ஆகவே ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவிப்பது மருத்துவம் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் வேலையாதலால் அதனையே பலரும் விரும்புகின்றனர் போலும்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரிக்குச் சென்ற கழிவுநீர் 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு வழியில் திருப்பப்பட்டது. சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. ஆயினும் அது ஆழமான ஏரி. மலையாற்று நீர் அதனை இடைவிடாது நிரப்புகிறது. நம் ஏரிகளோ ஆழமற்றவை. நகர்ப்புறத்தில் கோடையில் அவற்றுக்கு வரும் நீரே பெரும்பாலும் கழிவுநீர்தான். அதனை அறவே திருப்பினால் ஏரி வறளும்.

பெங்களூரின் ஜக்கூர் ஏரியில் கையாளப்பட்ட முறை நமக்குப் பொருந்தும். அங்கே சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர், கோரைகள் வளர்ந்த சதுப்புநிலத்தின் வழியே மெல்லச் சென்று, எஞ்சிய சத்துக்களை அங்கே இழந்த பின்னரே ஏரியில் கலக்குமாறு அமைக்கப்பட்டது. இதற்குச் செலவு உண்டு, இடமும் வேண்டும். குடியிருப்புக்கு அனுமதி வழங்கும்போதே அவ்விடத்தை ஒதுக்கச் செய்தல் வேண்டும். வீடுகள் எழுந்தபின் தேடினால் கிடைப்பது அரிது.